வேலை ஃபோல்டருக்கு அடியில்

ஏட்டி, உன் கீபோர்டில் மேல்நோக்கிய அம்புக்குறி அழிந்தே போய்விட்டது. மற்ற எழுத்துகளெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த ஒரு பட்டன் மட்டும் வழுவழுவென்று கிடக்கிறது. நேற்று மத்தியானம் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "ஒருதரம் அடிச்சதையே இன்னொருதரம் அடிக்கதுக்கு நான் என்ன கிறுக்கியா? மேல் அம்ப அமுக்கு, முந்தி அடிச்சது தானா வந்து நிக்கும்" என்பாய். உன் சோம்பேறித்தனத்துக்கு நீ வைத்த பெயர் சாமர்த்தியம்.

உன் பழைய மெஷினை உன் தங்கச்சிதான் கொண்டுவந்தாள். ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்து, போர்வையால் சுற்றிக் கட்டி, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசலுக்குள் ஓட்டி வந்து, மாடிப்படி ஏறி நம் வீடியோ கடையில் வைத்தாள். செத்த நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அக்கா, இதுக்குள்ள எங்கக்கா எங்கயாவது இருப்பாளா?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "ஊருல உள்ளவுக கல்யாணம், சடங்கு, வளைகாப்பு அம்புட்டும் உங்ககிட்ட இருக்கு. எங்கக்கா பேசுனது ஒரு வரி இல்ல. என் ஃபோன்ல இருந்ததும் ஃபோனோட போச்சு. எம்மவ நேத்து கேக்கா, பெரியம்மா குரல் எப்படிம்மா இருக்கும்னு. எனக்கே சட்டுனு ஞாபகம் வரலக்கா."

நீ போய் இரண்டு வருடம்தான் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்றாய், மதுரைக்குக் கூட்டிப் போகும் வழியிலேயே போய்விட்டாய். அதற்குள் குரல் மறக்குமா என்று அவளிடம் கோபப்படப் பார்த்தேன். பிறகு நானும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நீ சொன்ன சொல்லெல்லாம் வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. ஊரார் முகத்தையெல்லாம் நான் எடுத்தேன், நீ வெட்டி ஒட்டினாய். உன் பக்கம் லென்ஸைத் திருப்பினால் உள்ளங்கையால் மறைப்பாய். என்னிடம் இருப்பதெல்லாம் உன் உள்ளங்கைதான். ரேகை ஜோசியம் வேண்டுமானால் பார்க்கலாம்.

"பாக்கேன், நீ போயிட்டு சாயங்காலம் வா" என்று அவளை அனுப்பிவிட்டு மெஷினை ஆன் செய்தேன். சூடேறிய தூசி வாசம் வந்தது. கறுப்புத் திரையும், அதில் கண்ணடித்துக்கொண்டிருக்கும் ஒரு கோடும். பாஸ்வேர்ட் நம் கடைப் பெயர்தான். உள்ளே போய்விட்டேன், ஆனால் என்ன அடிப்பதென்று தெரியவில்லை. இப்போது எடிட்டிங்குக்கு நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் எல்லாம் மவுஸ்தான், தொட்டால் திறக்கும். எனவே நீ சொன்னதையே செய்தேன். மேல் அம்பை அமுக்கினேன்.

நீ கடைசியாக அடித்த வரி வந்து நின்றது. மெஷினை அணைக்கும் கட்டளை. இன்னொரு அமுக்கு. வீடியோ ஓட்டும் கட்டளை, வேலை ஃபோல்டரில் இருக்கும் பதினொன்றாம் நம்பர் வீடியோ. இன்னொரு அமுக்கு. யுமவுண்ட், வேலை ஃபோல்டர். மறுபடியும் அமுக்கினால் மறுபடியும் அணைக்கும் கட்டளை, அதற்கு முன்னால் அதே பதினொன்று, அதற்கு முன்னால் அதே யுமவுண்ட். நான் அமுக்கிக்கொண்டே போனேன். அந்த மூன்று வரிகளே திரும்பத் திரும்ப வந்தன. என்ன எழவுடி இது என்று வாய்விட்டே கேட்டேன்.

ஏனென்றால் அது நடக்கவே முடியாத காரியம். முதலில் யுமவுண்ட், பிறகுதான் வீடியோ என்று அடித்திருக்கிறாய், நீ சொல்லித்தந்த பாடப்படி பார்த்தால் அந்த வரிசை தலைகீழ்.

நாம் கடை போட்ட புதிதில், ஒரு மில் ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய இந்த மெஷினை வாங்கி வந்தாய். விண்டோஸ் எதுவும் இல்லை, கறுப்புத் திரைதான். யார் யாரிடமோ கேட்டு, பார்த்து, எழுதி வைத்துப் பழகினாய். நமக்கென்று ஒரு முறையும் உண்டாக்கினாய். ஒரு விசேஷத்துக்கு ஒரு பெட்டி. பெட்டி என்றால் ஒரே ஒரு பெரிய ஃபைல், ஒரு டிஸ்க்கையே அப்படியே ஃபைலாக்கி வைத்த மாதிரி. கேமராவில் எடுத்தது, பாட்டு, பெயர் போடும் எழுத்து, எடிட் செய்தது எல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். "நூறு ஃபைலு கெடந்தா ஒண்ணு தொலையும். ஒரே ஃபைலா இருந்தா தொலைஞ்சாலும் மொத்தமாத் தொலையும், தேடுறது லேசு" என்றாய். உன் மூளைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பெட்டி சும்மா கிடக்கும்போது மூடிக் கிடக்கும், திறந்து பார்க்க முடியாது. அதை ஒரு ஃபோல்டர்மேல் ஏற்ற வேண்டும். மவுண்ட் என்று அடித்து, பெட்டியின் பெயரை அடித்து, ஏறவேண்டிய ஃபோல்டரின் பெயரை அடித்தால் ஏறிக்கொள்ளும். நமக்கு அந்த ஃபோல்டர் பெயர் எப்போதும் 'வேலை'. என்டரைத் தட்டும்போது, கன்றுக்குட்டியைக் கூப்பிடுவது போல உங்கள் வீட்டுத் தெலுங்கில் "ரா, ரா" என்பாய். அதன்பிறகு வேலை ஃபோல்டருக்குள் போனால் பெட்டிக்குள் போனது மாதிரி. முடித்ததும் யுமவுண்ட் அடித்து இறக்கிவிட வேண்டும். இறக்கினால் வேலை ஃபோல்டர் வெறும் ஃபோல்டர், ஒன்றும் இருக்காது.

"ஏறவே செய்யாம, வெறும் ஃபோல்டருக்குள்ள எதையாச்சும் போட்டா?" என்று நான் ஒருநாள் கேட்டேன். எனக்கு இந்த மாதிரிக் கேள்விகள்தான் வரும். உனக்கு அது பிடிக்கும். தையல்கடைக் கணக்காக வேலை குவிந்து கிடந்தும் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டுச் செய்து காட்டினாய். வெறும் ஃபோல்டருக்குள் என் மகன் படம் மூன்றைப் போட்டாய். பிறகு அதன்மேலேயே ஒரு பெட்டியை ஏற்றினாய். உள்ளே பார்த்தால் என் மகனைக் காணோம்.

"ஏட்டி, எம்பிள்ள எங்க?" என்று நான் அலறியதில் கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எங்கயும் போகல. பாய விரிச்சா தரை எங்க போச்சுன்னு கேப்பியா? மேல பெட்டி உக்காந்திருக்கு, அடியில ஒம்மவன் பத்திரமா இருக்கான்." யுமவுண்ட் அடித்தாய். மூன்று படமும் அதே இடத்தில் இருந்தன. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அழியவும் இல்லை, நகரவும் இல்லை, ஆனால் கண்ணில் படவும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு அடியில் இருக்கிறது, மேலே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, வில்லிபுத்தூர் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

அதனால்தான் நேற்று மூளை குழம்பியது. பெட்டியை இறக்கிய பிறகு வேலை ஃபோல்டரில் என்ன வீடியோ இருக்க முடியும்? பாயைச் சுருட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன் என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

உடனே நானும் அடித்துப் பார்த்திருக்கலாம். மூன்றே மூன்று அமுக்கு. கை போகவில்லை. எதையும் என்ன, ஏன் என்று குடைகிறவள் நான், ஆனால் ஒரே ஒரு தடவை குடையாமல் விட்டிருக்கிறேன். அந்த ஒரு தடவையை நோக்கித்தான் இந்த வரிகள் என்னைக் கூட்டிப் போகின்றன என்று தோன்றிவிட்டது.

அந்தக் காதுகுத்து உனக்கு மறந்திருக்காது. செண்பகத்தோப்பு ரோட்டில் வீடு, முதல் பேத்தி, வில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்த்திக்கடன். மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் மறுநாளே துபாய்க்குப் போகிறவர். லைட் பிடிக்க வரும் அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் நீ வந்தாய். அத்தனை வருடத்தில் நீ ஒரு விசேஷத்துக்கு நேரில் வந்தது அன்றைக்குத்தான். வந்தவள் சும்மா வந்தாயா? குழந்தை காது குத்தும்போது அழும் முன்னால் ஏன் மூச்சை அடக்குகிறது, ஆசாரி எந்தக் காதை முதலில் குத்துவார், மொட்டைத் தலையில் சந்தனம் எரியுமா எரியாதா என்று அந்த வீட்டுக்காரர்களைத் துளைத்தெடுத்துவிட்டாய். பத்தே நிமிடத்தில் அவர்கள் உனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். நடுவில் செத்த நேரம் ஓய்வு கிடைத்தது. நாம் இருவரும் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து, இலையில் தந்த புளியோதரையைத் தின்றோம். கேமராவைப் பக்கத்துப் படியில் வைத்தேன். என்ன பேசினோம் என்பது எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே ராஜபாளையத்திலேயே மத்தியானம் ஒரு வளைகாப்பு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. காலையில் உனக்கு முன்னால் நான் கடைக்கு வந்துவிட்டேன். மெஷினைப் போட்டேன், கார்டில் இருந்ததை வேலை ஃபோல்டருக்குள் காப்பி செய்தேன், கார்டை கேமராவில் போட்டு அழித்தேன், வளைகாப்புக்கு ஓடினேன். சாயங்காலம் திரும்பி வந்தால் நீ கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாய்.

"காதுகுத்துப் பெட்டிய ஏத்துனேன். உள்ள ஒண்ணுமில்ல" என்றாய்.

எனக்கு முதலில் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. கேமரா என் அண்ணனுடையது. வில்லிபுத்தூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். பொம்பளைப் பிள்ளைகள் ரெண்டு பேர் சேர்ந்து என்ன கிழித்துவிடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டேதான் கேமராவைத் தந்தான். ஒரு விசேஷம் சொதப்பினாலும் திருப்பி வாங்கிவிடுவேன் என்று என் மாமியார் வீட்டார் முன்னாலேயே சொல்லியிருந்தான். அவன் வாங்கிவிட்டால் நான் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

நீ என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மவுண்ட் பண்ணிட்டுத்தான காப்பி பண்ணுன?"

"ஆமா" என்றேன். அதோடு விட்டேனா? "நான் என்ன பச்சப்பிள்ளையா? பண்ணாமயா காப்பி போடுவேன்?" என்று எகிறவும் செய்தேன்.

நீ மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கடைசி பஸ் போய்விடப்போவதைப் போல அவசரமாகக் கிளம்பிவிட்டேன். உண்மையில் அரை மணிக்கு ஒரு பஸ் இருந்தது.

திங்கள்கிழமை காலை நான் வந்ததும் வராததுமாகச் சொன்னாய். "ஏட்டி, நாந்தான் அழிச்சிட்டேன். நேத்து பெட்டிய ஏத்தும்போது புதுப்பெட்டின்னு நெனச்சு ஃபார்மேட் பண்ணிட்டேன் போல. தப்பு என்மேலதான். அவிய வீட்டுல நானே போயிச் சொல்லிக்கிடுதேன். நீ வராத."

எனக்கு அந்த நிமிடம் எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. வெட்கம்கெட்டவள், நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியிலேயே உன்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டேன். பெட்டி பெட்டி என்று பீற்றிக்கொண்டாயே, மொத்தமாகத் தொலைத்துவிட்டாயே என்றேன். நீயோ கல்லுளிமங்கி மாதிரி நின்றாய். அண்ணனிடம் சொன்னேன். "ஒன் மேல தப்பில்லல்லா? அப்பச் சரி. அந்தப் பிள்ளகிட்ட இனி எதையும் நம்பிக் குடுக்காத" என்றான். அதை நான் உன்னிடமே வந்து சொன்னேன். அதற்கும் "சரி" என்றாய்.

அப்புறம் மூன்று காரியம் செய்தாய், மூன்றும் எனக்கு அன்று விளங்கவில்லை. மெஷினை ஆன் செய்ததும் பெட்டி தானாக ஏறிக்கொள்ளும்படி எழுதி வைத்தாய். "இனி யாரும் மறக்க முடியாதுடி" என்றாய். உன் தப்புக்கு நீயே போட்டுக்கொண்ட பூட்டு என்று நினைத்துக்கொண்டேன். மறக்கிற தப்பே நீ செய்யவில்லையே, ஃபார்மேட் அல்லவா செய்ததாகச் சொன்னாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அடுத்து, பெட்டி மாற்றும் வேலையை என்னைத் தொடவிடாமல் நீயே வைத்துக்கொண்டாய். மூன்றாவது, சில நாளிலேயே இந்த மெஷின் தளர்ந்துவிட்டது என்று வேறொன்று வாங்கி, இதை உன் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டாய். தளர்ந்த மெஷின் இன்றுவரை எப்படி ஓடுகிறது பார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காதுகுத்து வீட்டிலிருந்து ஒரு பெட்டி பால்கோவா வந்தது. இந்தப் பெட்டி நிஜப் பெட்டி. நான் அசந்துபோனேன். பேத்தி காதுகுத்தைத் தொலைத்தவர்களுக்குப் பால்கோவாவா? "இவியளுக்கு என்ன கிறுக்கா?" என்று கேட்டேன். "நல்ல மனுசங்கடி" என்று சொல்லிவிட்டு நீ பாதியைத் தின்றாய். அப்போதும் நான் குடையவில்லை. சொன்னேன் அல்லவா, அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு எதையும் தெரிந்துகொள்ள ஆசையில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மவுண்ட் என்று அடித்த ஞாபகம் என் விரலில் இல்லை. தேடிப் பார்த்திருந்தால் அது இல்லை என்பது அன்றே உறுதியாகியிருக்கும்.

நேற்று வெகுநேரம் கழித்து, யுமவுண்ட் வரியை அம்பால் வரவழைத்தேன். என்டரைத் தட்டினேன். வேலை ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறதென்று பட்டியல் கேட்டேன்.

திரை நிறைய வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்து மூன்று வீடியோ. என் கேமரா வைக்கும் பெயர். காதுகுத்து நடந்த நாளின் தேதி. நான் போட்ட இடத்தில், போட்டபடியே, ஒன்றுகூட நகராமல் இருந்தன. வெறும் ஃபோல்டரில் நான் போட்டேன். அதன்மேல் நீ பெட்டியை ஏற்றினாய். என் மகன் படம் மறைந்த மாதிரி இதுவும் மறைந்தது, அவ்வளவுதான். பாயைத் தூக்கிப் பார்க்க ஒரு வரி போதும். அந்தத் தந்திரத்தை எனக்குச் செய்து காட்டியவளே நீதானே, உனக்கா தெரியாமல் இருக்கும்? நான் பஸ் ஏறிய பத்தாவது நிமிடம் நீ பார்த்திருப்பாய். கிடைத்துவிட்டது என்று சொன்னால் நான் மவுண்ட் பண்ணாததும் பொய் சொன்னதும் வெளியே வந்துவிடும் என்றுதான் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

மேல் அம்பை இன்னும் அமுக்கிக்கொண்டே போனேன். உன் வீட்டில் உட்கார்ந்து நீ செய்த வேலையெல்லாம் பின்னாலிருந்து முன்னால் வந்தது. முடித்த வீடியோவைப் பென்டிரைவில் காப்பி செய்தது. அதற்கு முன்னால் பாட்டுச் சேர்த்தது. அதற்கு முன்னால் வெட்டி ஒட்டியது. எனக்குத் தெரியாமல், கடை வேலை போக மிச்ச நேரத்தில், அந்தக் காதுகுத்தை நீ முழுதாக எடிட் செய்திருக்கிறாய்.

அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அந்தக் காதுகுத்து வீடியோ என்று நான் இழுத்ததும், அவரே பேசினார். "அது பத்திரமா இருக்கு மேடம். ஒரு மாசத்துல அந்த அக்கா பென்டிரைவ்ல கொண்டாந்து குடுத்தாகளே. கடையில கேட்டா வந்துச்சுன்னு சொல்ல வேண்டாம், அது எங்களுக்குள்ளன்னாக. ஏன்னு கேட்டேன், சிரிச்சாக. எங்கம்மா கேக்காம பால்கோவா குடுத்து விட்டாக. அந்த அக்கா நல்லா இருக்காகளா?"

நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கும் என்னைத் திட்டிக்கொள்.

மிச்சம் இருந்தது பதினொன்று. எல்லா வீடியோவும் இருக்க, அதை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப ஓட்டினாய் என்று தெரியாமல் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியுமே. ஓட்டினேன். முதலில் ஒரு கருங்கல் படி. படியில் நான்கு பாதம். இரண்டு என்னுடையது, வெடிப்போடு இருக்கும் இரண்டும் உன்னுடையது. கேமராவை அணைத்துவிட்டேன் என்று நினைத்து ஓடவிட்டபடியே படியில் வைத்திருக்கிறேன். இலையும் கையும் வந்து வந்து போகின்றன. ஒரு குரங்கு வால் குறுக்கே போகிறது. அப்போது கேட்டேன் உன் குரலை. "ஒத்துரா, ஒத்துரா" என்று தெலுங்கில் அந்தக் குரங்கிடம் வேண்டாமடா என்று கெஞ்சுகிறாய். கொஞ்சம் கரகரப்பு, வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு சிரிப்பு. இதையா மறந்தேன்? அழுதுவிட்டேன் ஏட்டி. கடையைச் சாத்திவிட்டு அழுதேன்.

பிறகு என் குரல் வந்தது. "எங்கண்ணன் சொல்லிட்டாண்டி. ஒரு விசேசம் சொதப்புனாலும் கேமராவ வாங்கி பீரோவுல வச்சிருவானாம். பொறவு நான் வீட்டுல உக்காந்து மாவாட்ட வேண்டியதுதான்."

"நீ ஆட்டுன மாவுல இட்லி சுட்டா எவ திம்பா?" என்றாய்.

"வெளாடாத. எனக்கு இத விட்டா வேற என்னடி இருக்கு?"

உன் கால் பெருவிரல் மட்டும் படியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு சொல்கிறாய். "ஒன் கேமரா எங்கயும் போவாது. சொதப்புனா நான் சொதப்புனதா இருக்கட்டும். எங்கிட்ட இருந்து புடுங்கதுக்கு எனக்கு என்ன அண்ணனா இருக்கான்?"

அதற்கு நான் சிரிக்கிறேன். ஏதோ வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிப்பது போல. இரண்டே நாளில் நீ அதைச் செய்துவிடுவாய் என்று எனக்குத் தெரியுமா? அந்த நேரம் உனக்கும் தெரிந்திருக்காது.

கடைசியில் படம் ஆடுகிறது. "ஏட்டி, இங்க பாரு, செவப்பு லைட்டு எரியுது!" என்று குனிகிறாய். திரை முழுவதும் உன் முகம். மூக்குத்தி, நெற்றியில் வியர்வையில் கரைந்த குங்குமம், பல்லில் ஒட்டிய புளியோதரைக் கடலைப்பருப்பு. கை வந்து மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றாமல் லென்ஸுக்குள் என்ன இருக்கிறதென்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாய். அதோடு முடிந்துவிட்டது.

நீ இதை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்த்தாய் என்று இன்னும் யோசிக்கிறேன். கொடுத்த வாக்கை நினைவுபடுத்திக்கொள்ளவா? நான் உன்னைத் திட்டிய நாட்களில் என்மேல் கோபம் வராமல் இருக்கவா? இல்லை, நாம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து சோறு தின்றதைப் பார்க்கப் பிடித்திருந்ததா? உன்னிடம் கேட்டால் சிரித்திருப்பாய். மேல் அம்பை எத்தனை தடவை அமுக்கினாலும் அதற்குப் பதில் வராது.

சாயங்காலம் உன் தங்கச்சி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். காப்பி செய்யும் முன்னால் பென்டிரைவ் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், இன்னொருதரமும் பார்த்தேன். நீ போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. எந்தக் கார்டையும் காப்பி செய்யும் முன்னால் "ஏறிருக்கா?" என்று நானே சத்தமாகக் கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னால் வந்த எச்சரிக்கை என்று இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். நீ செய்த தப்பிலிருந்து நான் கற்றுக்கொண்டதாம். பிள்ளை பதினொன்றை மூன்று தடவை பார்த்தது. "பெரியம்மா குரங்குகிட்டயும் தெலுங்குலயா பேசுவாக?" என்று கேட்டது.

அவர்கள் போனதும் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "அண்ணே, அந்தக் காதுகுத்துல தப்பு என்னுது. அவ அழிக்கல. நாந்தான் பெட்டிய ஏத்தாமப் போட்டேன், கேட்டதுக்குப் பொய்யும் சொன்னேன்."

"இப்ப எதுக்குட்டி அது? எம்புட்டு வருசமாச்சு" என்றான். பிறகு, "அந்தப் பிள்ளையவா நான் அம்புட்டுப் பேசுனேன்?" என்று கேட்டான்.

இதை எழுதும்போது உன் மெஷின் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைக்க மனமில்லை. அணைத்துப் போட்டால் பெட்டி மறுபடி தானாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அடியில் இருப்பது மறுபடி மறையும். அந்தப் பூட்டை எப்படிக் கழற்றுவதென்று எனக்குத் தெரியாது, இனிமேல்தான் படிக்க வேண்டும். படித்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். பதில் தெரிந்த பிறகு, நீ சாகும்வரை அதை மறுபடி என்னிடம் கேட்கவில்லை.

இல்லட்டி. நான் மவுண்ட் பண்ணல.